கணக்கு உங்கள் நாக்கில் இருக்கிறது

“எனக்கே பின்னம் வராது. பிள்ளைக்கு நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?”

இந்தப் பேச்சை இன்றோடு நிறுத்துங்கள்! இரண்டாம் வகுப்பு ஆசிரியராக இருந்தாலும் சரி, வீட்டுப்பாட நோட்டைத் திறந்ததும் முகம் வாடும் தாயாக இருந்தாலும் சரி, உங்களைத்தான் சொல்கிறேன். காலையில் அரை லிட்டர் பால் வாங்கியவர் நீங்கள். ஒன்றரை டம்ளர் அரிசிக்கு மூன்று டம்ளர் தண்ணீர் வைத்தவர் நீங்கள். முக்கால் கிலோ தக்காளிக்கு மனதுக்குள்ளேயே விலை போட்டவரும் நீங்கள்தான். பின்னம் வராதாம்! என்றோ ஒரு நாள் கோட்டுக்கு மேலே ஓர் எண்ணும் கீழே ஓர் எண்ணும் எழுதி உங்களை மிரட்டிவிட்டார்கள். அந்தப் பயத்தை ஏழு வயதுக் குழந்தைக்குச் சொத்தாக எழுதி வைக்காதீர்கள்.

கோட்டைப் பிறகு போடலாம். முதலில் சொல்லைக் கொடுங்கள்.

ஒரு கடலைமிட்டாயை இரண்டாக உடையுங்கள். “எனக்குப் பெரிய பாதி!” என்று ஒரு குரல் உடனே எழும். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது. ஒன்று பெரிதாக இருந்தால் அது பாதியா? இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொருந்தவில்லையா? அப்படியானால் அவை இரண்டு துண்டுகள், அவ்வளவுதான். சமமாக இருந்தால்தான் பாதி. ‘முழுசு’, ‘சமம்’, ‘பங்கு’ ஆகிய மூன்று சொற்களும் வாயில் ஊறட்டும். ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். அவசரப்பட்டு இதைத் தாண்டிப் போன வகுப்பில்தான், நான்கைவிட எட்டு பெரிது, ஆகவே நான்கில் ஒன்றைவிட எட்டில் ஒன்று பெரிது என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் செல்வத்தைப் பாருங்கள். முக்கால் என்றால் மூன்று கால். சொல்லைப் பிரித்தாலே விடை கிடைக்கிறது! அரைக்கால் என்றால் காலில் அரை, எட்டில் ஒரு பங்கு. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கும் கணக்கு மேல்வகுப்பில் வருகிறது. அதை இந்த ஒரு சொல் முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறது. இன்றைய பிள்ளைகளுக்கு அரைக்கால் என்றால் சட்டைதான் நினைவுக்கு வருகிறது என்பது எனக்கு ஆறாத வருத்தம். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை ஒப்பித்த சிறுவர்கள் முந்திரி வரை போனார்கள். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு! மா என்பது 1/20, காணி என்பது 1/80. இரண்டையும் கூட்டுங்கள், 1/16 வருகிறது. அதன் பெயரே மாகாணி. இவ்வளவு பழைய கணக்கைச் சுமந்த மொழியைப் பேசிக்கொண்டு ‘எனக்கு வராது’ என்று தலைகுனியலாமா?

‘மூன்றில் இரண்டு’ என்ற வரிசையையும் கவனியுங்கள். எத்தனை பங்காகப் பிரித்தோம் என்பதை முதலில் சொல்கிறோம், எத்தனையை எடுத்தோம் என்பதை அடுத்துச் சொல்கிறோம். கை செய்யும் வரிசையில் வாயும் பேசுகிறது. ஆங்கிலத்தில் இரண்டைச் சொன்ன பிறகே மூன்று வரும். அதுவும் வரிசையில் நிற்கும் மூன்றாவது ஆளைக் குறிக்கும் அதே சொல்லாக வரும். கொரிய மொழியும் நம்மைப்போலப் பங்கை முன்னே சொல்லும் மொழி. கொரியா, குரோவேஷியா, அமெரிக்கா ஆகிய மூன்று நாட்டுக் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 1999-இல் வெளிவந்தது. பின்னத்தைப் படத்தோடு பொருத்துவதில் கொரியக் குழந்தைகள் முந்தி நின்றார்கள். அவர்களுடைய மொழி அதற்குத் துணை நின்றது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அதே துணை உங்கள் நாக்கிலும் இருக்கிறது. ஆங்கில வழி வகுப்பாக இருந்தாலும் ஒரு தடவை தமிழில் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். யாருக்கும் அஞ்ச வேண்டாம்.

தொகுதி, பகுதி என்ற பாடப்புத்தகச் சொற்களைக் கண்டும் மிரள வேண்டாம். பகுத்தது பகுதி, தொகுத்தது தொகுதி. எத்தனையாகப் பகுத்தாய், அதில் எத்தனையைத் தொகுத்தாய்? இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பழகிய குழந்தை மேலும் கீழும் குழம்பாது.

நாளைக் காலை முதல் மணி அடித்ததும் ஆளுக்கு ஒரு தாள் கொடுங்கள். ஒரு மடிப்பு மடிக்கச் சொல்லுங்கள். அரை. இன்னொரு மடிப்பு. கால். ஒவ்வொரு மடிப்புக்கும் வகுப்பு முழுவதும் உரக்கச் சொல்லட்டும். பக்கத்து வகுப்புக்குக் கேட்டால் கேட்கட்டும். மூன்றாம் மடிப்பில் மட்டும் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். தாளைப் பிரிக்கட்டும், கட்டங்களை எண்ணட்டும். “கால்ல பாதிக்கு என்ன பேரு டீச்சர்?” என்று ஒரு குழந்தை கேட்கும்வரை காத்திருங்கள்.