குற்றமும் உடம்பும்



கார்த்திகைத் தீபப் பெருவிழாவின்பொருட்டுத் திருவண்ணாமலை சென்றிருந்தபொழுது, கிரிவலப் பாதையில் ஒரு மரநிழலிற் சிறிது தங்கினோம். அருகே குறவர் குடும்பமொன்று மூங்கிற்கூடைகளைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தது. உடன்வந்த அன்பர் தம் பணப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, “களவு இவர்க்குப் பிறவிக்குணம், ஊழ் அவ்வாறு அமைத்தது” என்றார். அவர் சாத்திரம் பயின்றவர். நாம் அப்பொழுது விடையொன்றும் கூறினோமல்லேம். அக்கடனை ஈண்டு இறுக்கப் புகுந்தோம்.

‘பிறவிக்குணம்’ என்னும் அச்சொல்லுக்கு ஐரோப்பியக் கலையிலும் ஒரு வேர் உண்டு. இத்தாலிய மருத்துவராகிய லொம்புரோசோ என்பார் 1876-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டு, குற்றவாளருட் பலர் பிறப்பாலேயே அத்தன்மையர் எனவும், மண்டையோடு, தாடை, செவி முதலிய உறுப்புக்களால் அவரை அறியலாமெனவும் நாட்டினார். இங்கிலாந்தில் கோரிங் என்பார் ஏறக்குறைய 3,000 சிறையாளரை அளந்து பார்த்து, அத்தகைய தனி உடலமைப்பு யாதுமில்லை என்று 1913-இல் வெளியிட்டார். கொள்கை வீழ்ந்தது, அதனோடொத்த சட்டமோ நம் நாட்டில் வீழவில்லை.

அச்சட்டம் லொம்புரோசோவின் நூலுக்கும் முற்பட்டது. 1871-இல் வடநாட்டிற் பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. பிரமலைக் கள்ளர், குறவர் முதலிய பல குலத்தார் அதனுட்பட்டனர். பெருவிரல் ரேகை பதிவித்தமையின் மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றனர். பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டிற் பலர் மாண்டனர். ஈண்டு ஒன்று நுணுகி நோக்கற்பாலது. குறித்த இடத்தில் ஆசர் கொடாமையும், உத்தரவின்றி ஊர்விட்டுப் போதலுமே அச்சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றங்களாயின. உறவினர் சாவுக்குச் சொல்லாமற் சென்றவனும் குற்றவாளியாதற்கு இடனாயிற்று. இவ்வாறு பெருகிய தண்டனைக் கணக்கையே, ‘இக்குலம் குற்றக்குலம்’ என்றற்குச் சான்றாகக் காட்டுதல் எத்துணை எளிது! சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947-இலும், நாடு முழுதும் 1952-இலும் நீங்கிற்று.

அற்றேல், உடம்பிற்கும் குற்றத்திற்கும் இயைபே இன்றோ எனின், உண்டு. அதனை மறுத்தல் நேர்மையன்று. டென்மார்க்கு நாட்டில் 14,000-க்கு மேற்பட்ட சுவீகாரப் பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சி 1984-இல் வெளிவந்தது. பெற்றோரும் வளர்த்தோரும் தண்டனை பெறாத ஆண்மக்களில் நூற்றுக்கு 13.5 பேரும், பெற்றோர் மட்டும் தண்டனை பெற்றவரின் ஆண்மக்களில் நூற்றுக்கு 20 பேரும் தண்டனை பெற்றவராயினர். இவ்வியைபு பொருட்களவு முதலியவற்றிற் காணப்பட்டதேயன்றி, வன்செயலிற் காணப்படவில்லை. வேற்றுமை உண்மை, ஆயினும் அப்பெற்றோரின் மக்களுள்ளும் எண்பதின்மர் தண்டனை பெற்றிலர். 1993-இல் ஆலந்து நாட்டுக் குடும்பமொன்றில், மூளையின் இரசாயனத்தை ஆளும் ஒரு மரபணு பழுதுற்ற ஆடவர் சிலர் கடுஞ்சினத்தராய் இருந்தமை கண்டனர். 2002-இல் வெளிவந்த நியூசிலாந்து ஆராய்ச்சியோ, அம்மரபணு மெலிந்திருந்தாருள்ளும் இளமையிற் கொடுமைக்குள்ளானவரே பெரிதும் வன்செயலிற் சென்றனர் என்றது. மூளையிற் புண்ணோ கட்டியோ உண்டாயவிடத்து ஒழுக்கம் திரிதலும் மருத்துவர் கண்டதே. அத்தகையானைத் தண்டிப்பதற்கு முன் மருத்துவனிடம் அனுப்புதல் இவ்வாராய்ச்சியால் விளைந்த நன்மை. அது சிறிய நன்மையன்று.

இவற்றால் நம் சித்தாந்தத்திற்கு இழுக்கு யாதுமில்லை. தனுவும் கரணமும் மாயையின் காரியங்கள். உயிர் அவற்றைக் கருவியாகக் கொண்டே அறிகின்றது, செய்கின்றது. கருவி பழுதானால் தொழில் பழுதாதல் இயல்பே. பளிங்கு தன்னையடுத்த நிறத்தைக் காட்டுமாறு உயிரும் சார்ந்ததன் தன்மையைக் கொள்ளும் என்பதே நம் கொள்கையாதலின், இளமைச் சூழலைப் பற்றிய அந்நியூசிலாந்து முடிபு நமக்குப் புதிதன்று. ஆயினும், அடுத்த நிறம் பளிங்கின் இயல்பாகிவிடாது.

இனி நம் அன்பரின் ஊழுக்கு வருவோம். அறிஞர் அவையில் இதனைக் கூற நாணமே, எனினும் கூறவேண்டும். ஐரோப்பியன் மண்டையோட்டாற் செய்ததை நாம் வினை என்னும் சொல்லாற் செய்துவருகின்றோம். பிராரத்தமாவது நுகர்தற்கு வந்த இன்பதுன்பம். அதனை நுகருங்கால் விருப்புவெறுப்பாற் புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். வறுமை ஒருவனுக்குப் பிராரத்தமாகலாம், களவு ஆகாமியமே. ஊழ் அறிவையும் திரிக்குமன்றோ எனின், திரிக்கலாம். ஆயினும் வினை உயிர்தோறும் வெவ்வேறாதலின், ஒரு குலத்தார்க்கெல்லாம் பொதுவாகிய வினைமூட்டை என்பதொன்றில்லை. ஓருயிரின் வினைக்கணக்கை அறிவோன் இறைவன் ஒருவனே. அதனைக் காவல்நிலையப் புத்தகத்திற் பதியவோ, மரநிழலிலிருந்து படிக்கவோ நாம் யார்?

சட்டம் நீங்கியும் அக்கணக்குப் புத்தகம் மூடப்படவில்லை. சில மாநிலச் சிறைவிதிகள் இக்குலத்தாரை வழக்கக் குற்றவாளரெனக் குறித்திருந்தன. 2024 அக்டோபரிலேதான் உச்சநீதிமன்றம் அவை செல்லாவென்றது. எங்கேனும் களவு நிகழின் முதற்கண் இவர் குடிசைகளைத் தேடிச்செல்லும் வழக்கமோ எந்த விதியிலும் எழுதப்பட்டதன்று.

அண்ணாமலைக்குத் தென்கிழக்கே நெடுந்தொலைவின்றி உள்ளது திருக்கோவலூர். மெய்ப்பொருள் நாயனாரை அங்கே கொன்றவன் யாவன்? போரிற் பலகால் தோற்ற முத்தநாதன் என்னும் அரசன். உடலெங்கும் திருநீறு, தலையிற் சடை, கையிற் புத்தகக் கட்டு, அக்கட்டினுள்ளே படை. உடம்பைப் பார்த்துக் குற்றவாளியைக் காணவல்லேமென்பார் அன்று வாயிலில் நின்றிருப்பின், வணங்கி வழிவிட்டிருப்பர். காவலாளனாகிய தத்தன் ஐயுற்றதும் அவன் குலத்தை நோக்கியன்று. அரசர் துயில்கின்ற சமயமென்றே அவனைத் தடுத்தான். வெட்டுண்டு வீழ்கின்ற நாயனாரோ, அவனுக்கு ஊறு நேராவண்ணம் கொண்டுபோய் விடுமாறு அத்தத்தனுக்கே கட்டளையிட்டார்.

அடுத்த தீபத்திற்கும் அவ்வன்பரோடு மலைவலம் வரக் கருதியுள்ளோம். கூடை வாங்குவதற்கு அவர் பணப்பையைத் திறப்பாராயின், விலைபேசும் பொறுப்பை நாம் ஏற்போம்.