ஈரறிவு உயிரின் கொழுப்பு

சிப்பிக்கு வலிக்குமா? இறைச்சியைக் கைவிட்டவர்களிடையே இன்னும் ஓயாத வாதம் இது. மேலைநாடுகளில் ஒரு சாரார் ஆடு, கோழி, மீன் எதையும் தொடமாட்டார்கள்; சிப்பியை மட்டும் சாப்பிடுவார்கள். கேட்டால் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, அதற்கு மூளை இல்லை. இரண்டு, அதில் ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது.

மூளை இல்லை என்பது உண்மைதான். ஆற்றுச் சேற்றில் பாதி புதைந்து வாழும் நன்னீர்ச் சிப்பிக்குத் தலையே கிடையாது. இருப்பதெல்லாம் மூன்று ஜோடி நரம்பு முடிச்சுகள். ஆனால் அதன் சாமர்த்தியத்துக்குக் குறைவில்லை. வட அமெரிக்க ஆறுகளில் வாழும் லாம்ப்சிலிஸ் வகைப் பெண் சிப்பி, தன் சதை மடிப்பைக் குட்டி மீன் போல அசைத்துக் காட்டும். இரை என்று நம்பிப் பெரிய மீன் பாய்ந்தால், அதன் வாயில் குஞ்சுகளைப் பீய்ச்சிவிடும். அவை செவுளில் ஒட்டிக்கொண்டு வளரும். கண்ணுள்ள மீன் மூளையில்லாத சிப்பியிடம் ஏமாறுகிறது!

தத்துவப் பேராசிரியர் பீட்டர் சிங்கர் 1975இல் வெளியிட்ட 'அனிமல் லிபரேஷன்' நூலில், தின்னலாம், தின்னக்கூடாது என்ற கோட்டை இறாலுக்கும் சிப்பிக்கும் நடுவே எங்கோ போட்டார். 1990 பதிப்பில் பின்வாங்கினார். சிப்பிக்கு வலியே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. அதைத் தின்னாமலும் வாழலாம். பிறகு ஏன் தின்ன வேண்டும் என்பது அவருடைய அப்போதைய நிலை.

சிப்பியின் கொழுப்பைப் பிரித்துப் பார்த்தால் வழக்கு இன்னும் சிக்கலாகிறது. அதில் அராகிடோனிக் அமிலம் என்று ஒன்று உண்டு. கடல் சிப்பிகளைவிட நன்னீர்ச் சிப்பிகளில் அதன் பங்கு பொதுவாக அதிகம். மனித உடலில் அந்த அமிலத்திலிருந்துதான் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாகின்றன. அடிபட்ட இடத்தில் வலியைக் கூட்டிவிடுபவை இவை. இவற்றின் உற்பத்தியைத்தான் ஆஸ்பிரின் தடுக்கிறது என்று ஜான் வேன் 1971இல் காட்டினார். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அப்படியானால் சிப்பிக்கும் வலிக்கிறதா? அவசரப்பட வேண்டாம். நன்னீரில் வாழும் உயிருக்கு, உடம்பிலுள்ள உப்பு வெளியே போய்விடாமல் காப்பதே பெரும்பாடு. அந்த உப்புக் கணக்கைச் சரிபார்க்கும் வேலையில்தான் சிப்பியின் புரோஸ்டாகிளாண்டின்கள் ஈடுபடுகின்றன. மனிதனுக்கு வலியைக் கூட்டும் அதே பொருளுக்கு அங்கே வேறு உத்தியோகம். ஆகவே கொழுப்பமிலப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வலி உண்டு என்றோ இல்லை என்றோ எழுதிவிட முடியாது.

வலி தெரியாமலேயே முடிவெடுக்க வழி உண்டா? சமணம் உண்டு என்கிறது. அது உயிர்களைப் புலன்களை வைத்து வரிசைப்படுத்துகிறது. தொல்காப்பியத்தின் மரபியலும் அப்படித்தான்: புல்லும் மரமும் ஓரறிவு, நத்தையும் சிப்பியும் தொடுவுணர்வும் சுவையும் உள்ள ஈரறிவு. மண், நீர், மரம் ஆகிய ஓரறிவு உயிர்களுக்குச் சிறிதும் தீங்கு செய்யாமல் இல்லறத்தார் பிழைக்க முடியாது என்பதைச் சமணம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஈரறிவு தொடங்கி மேலே எதையும் தெரிந்தே கொல்லக்கூடாது என்கிறது. தடை தொடங்குகிற முதல் படியிலேயே சிப்பி உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வலிக்குமா என்று நிரூபிக்கும் சுமை அங்கே யார் தலையிலும் இல்லை. 1990இல் சிங்கர் சுற்றிவளைத்து வந்து சேர்ந்த இடம் இதற்கு வெகு தொலைவில் இல்லை.

மிச்சமிருப்பது ஒமேகா-3. ஈபிஏ, டிஎச்ஏ என்ற அந்தக் கொழுப்பமிலங்களைச் சிப்பி தானாகத் தயாரிப்பது மிகக் குறைவு. தயாரிப்பவை நுண்பாசிகள். சிப்பி ஆற்று நீரை வடிகட்டி, பாசியைத் தின்று, கொழுப்பை உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. சரக்கு பாசியுடையது, சிப்பி இடைத்தரகர். இன்று பாசியிலிருந்தே எண்ணெய் எடுத்து மாத்திரையாக விற்கிறார்கள். பாசியும் உயிர்தானே என்று கேட்கலாம். ஆனால் சமணக் கணக்கில் அது ஓரறிவு.

வங்காளத்திலும் ஜார்க்கண்டிலும் குளத்துச் சிப்பியைப் பொறுக்கிச் சமைக்கும் ஏழைகளிடம் இந்த வாதத்தை நீட்டுவது அநியாயம். அவர்களுக்கு அது புரதம், கைக்காசு செலவில்லாத ஒருவேளைக் குழம்பு. மாத்திரை வாங்கும் வசதியுள்ளவர்களுக்குத்தான் கேள்வி. வட அமெரிக்காவின் சுமார் 300 நன்னீர்ச் சிப்பி இனங்களில் பெரும்பாலானவை அணைகளாலும் மாசாலும் ஏற்கெனவே அழிந்துவிட்டன அல்லது ஆபத்தில் இருக்கின்றன. ஒமேகா-3 வேண்டும் என்ற காரணத்தைக் காட்டி ஆற்றில் கைவைக்க வசதியுள்ளவர்களுக்கு எந்த நியாயமும் இல்லை.