சமோவாவில் எது சனிக்கிழமை?

2011 டிசம்பர் 29, வியாழக்கிழமை இரவு சமோவா மக்கள் படுக்கப் போனார்கள். விடிந்தபோது டிசம்பர் 31, சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை வரவே இல்லை.

காரணம் வணிகம். சமோவாவின் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடுதான். இங்கே வெள்ளி வேலை நாளாக இருந்தபோது அங்கே சனி விடுமுறை. இங்கே ஞாயிறு ஆராதனை நடந்தபோது அங்கே திங்கள் அலுவல். அதனால் அப்போதைய பிரதமர் துயிலேபாவின் அரசு, சர்வதேசத் தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்கு நாட்டையே மாற்றிக்கொண்டது.

அரசுக்கு அது நிர்வாக முடிவு. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாருக்கோ அது அடிமடியிலேயே கைவைத்த கேள்வி. வாரத்தின் ஏழாம் நாளே ஓய்வுநாள், அது சனிக்கிழமை என்பது அவர்கள் விசுவாசத்தின் தூண். வியாழன் ஐந்தாம் நாள் என்றால், மறுநாள் விடிந்த ‘சனி’ ஆறாம் நாள்தானே? சபை ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. ஒரு பிரிவினர் அதை ஏற்காமல் சனிக்கிழமையிலேயே நின்றனர்.

இந்தச் சிக்கலின் அடிப்படையைப் புரோகிராமர்கள் தினமும் கையாளுகிறார்கள். பல கணினி அமைப்புகள் நேரத்தைத் தேதியாகச் சேமிப்பதில்லை. 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரமான யுடிசியின் நள்ளிரவிலிருந்து கடந்த நொடிகளை, லீப் நொடிகளை விட்டுவிட்டு, ஒரே எண்ணாக வைத்திருக்கின்றன. அதை மனிதர் படிக்கும் எழுத்தாக மாற்ற ‘டைம் ஸோன்’ வேண்டும்.

1325239199 என்ற எண்ணைச் சமோவாவின் தலைநகரான ஆப்பியாவின் நேரப்படி எழுதச் சொன்னால், 2011 டிசம்பர் 29, 23:59:59 என்று வரும். ஒன்று கூட்டி 1325239200 கொடுத்தால், டிசம்பர் 31, 00:00:00. எண்ணில் விட்டுப்போனது எதுவும் இல்லை. எழுத்தில் ஒரு முழு நாளைக் காணோம். அதே எண்ணைப் பக்கத்துத் தீவுக்கூட்டமான அமெரிக்க சமோவாவின் நேரப்படி எழுதினால் டிசம்பர் 29, இரவு 11 மணி. 1892இல் இதே சமோவா எதிர்த்திசையில் தேதிக்கோட்டைத் தாண்டி, ஜூலை 4ஐ இரண்டு முறை கொண்டாடியிருக்கிறது.

அப்படியானால் ‘நாள்’ எங்கே இருக்கிறது? ஓடும் நொடிகளிலா, அவற்றை வாசிக்கும் விதியிலா?

படைப்பின் முதல் வாரத்திலிருந்து விடாமல் எண்ணி வந்தால் உண்மையான ஏழாம் நாள் கிடைத்துவிடும் என்று சிலர் சொல்லலாம். ஆனால் 1522 ஜூலையில், உலகைச் சுற்றிவந்த மகெல்லன் பயணக்குழுவின் எஞ்சிய மாலுமிகள் கேப் வெர்டே தீவுகளில் கரையேறியபோது, அவர்கள் கணக்கில் புதன், தீவில் வியாழன். குறிப்பேட்டை ஒரு நாளும் விடாமல் எழுதிவந்த பிகஃபெட்டா திகைத்துப்போனார். அவர் எண்ணியதும் சரி, கரையில் இருந்தவர்கள் எண்ணியதும் சரி. உலகைச் சுற்றியதால்தான் கணக்குப் பிரிந்தது. ஆக, உருண்டையான பூமியில் விடாத எண்ணிக்கை மட்டும் ஒரே நாளைத் தந்துவிடாது.

1941இல் நாஜிகளுக்குத் தப்பி ஜப்பானின் கோபே நகருக்கு வந்த யூத மாணவர்களும் இதே இடத்தில் நின்றார்கள். தேதிக்கோட்டின் எந்தப் பக்கம் ஜப்பான், யோம் கிப்பூர் நோன்பு எந்த நாள்? ஜெருசலேமில் கூடிய யூத மதகுருக்களான ரப்பிகள் புதன் என்றனர். ஹசோன் இஷ் என்ற பேரறிஞர், புதனன்று உண்ணுங்கள், வியாழனன்று நோன்பிருங்கள் என்றார். இரு தரப்பும் ஒரே மரபுக்குள் நின்றுதான் முடிவு சொன்னார்கள்.

இதனால் புனித நாள் வெறும் கற்பனை என்றாகிவிடாது. இடம் சொல்லாமல் கணினி தேதி சொல்லாது; எந்த ஊரில், யாரோடு சேர்ந்து என்று சொல்லாமல் ஓய்வுநாளும் முழுமையாகாது. வேலையை நிறுத்திவிட்டு ஒரு சமூகம் ஒன்றாகக் கூடுவதுதான் அந்த நாளைப் புனிதமாக்குகிறது. அந்த வகையில், சமோவாவின் இரு பிரிவினரில் எவரையும் ஓய்வுநாளை மீறியவர்கள் என்று சொல்ல நியாயமில்லை.