பானையைக் கவிழ்க்காத இறைவன்



2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. வரகு, சாமை, தினை என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த அந்த நாள்களில், ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய். வெள்ளை அரிசியைக் குறைக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர்.

அந்த வீட்டு அம்மாவுக்கோ, தோசை மாவுக்கு அரிசி நாலு, உளுந்து ஒன்று என்று பல வருடமாகப் பழகிய கை. அரிசி இருந்த இடத்தில் குதிரைவாலியைப் போட்டு, தண்ணீரைப் பழைய அளவுக்கே ஊற்றி அரைத்திருக்கிறார். மாவு நீர்த்துப்போய், தோசை கல்லோடு ஒட்டிப் பிய்ந்துவிட்டது. அடுத்த முறை தண்ணீரைக் குறைத்தார். தோசை எழும்பியது, ஆனால் வறண்டு தொண்டையில் நின்றது. மூன்றாம் முறை பாதி இட்லி அரிசி, பாதி குதிரைவாலி, ஒரு பிடி அவல், கொஞ்சம் வெந்தயம் சேர்த்தார். பதம் வந்தது.

பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றை என்னிடம் காட்டினார். ஒவ்வொரு முறையும் எது கூடியது, எது குறைந்தது என்று அதில் எழுதியிருந்தது. “நீர்த்த மாவை என்னம்மா செய்தீர்கள்?” என்று கேட்டேன். “கொட்ட மனசு வரலை சாமி. அரிசி மாவு கலந்து, வெங்காயம் பச்சை மிளகாய் அரிஞ்சு போட்டுப் பணியாரமாச் சுட்டுட்டேன்” என்றார்.

அரசர்கள் இரண்டாம் நூலின் 4-ஆம் அதிகாரத்திலும் ஒரு சமையல் தவறிப்போகிறது. கில்காலில் பஞ்சம். இறைவாக்கினர் எலிசா தம்மோடு இருந்தவர்களுக்காகப் பெரிய பானையை அடுப்பில் ஏற்றச் சொல்கிறார். ஒருவர் கீரை பறிக்க வயலுக்குப் போய், இன்னதென்று தெரியாத காட்டுக் கொடியின் காய்களை மடி நிறையக் கொண்டுவந்து அரிந்து போடுகிறார். வாயில் வைத்ததுமே, பானையில் சாவு இருக்கிறது என்று எல்லாரும் அலறுகிறார்கள். எலிசா கொஞ்சம் மாவு கேட்கிறார். அதைப் பானையில் போட்டு, மக்களுக்குப் பரிமாறச் சொல்கிறார். அதன்பின் பானையில் தீங்கு இல்லை.

அன்பர்களே, காய் பறித்தவரை எலிசா கடிந்துகொண்டதாக அங்கே ஒரு சொல்கூட இல்லை. பஞ்ச காலத்தில், பசித்தவர்களுக்காக அலைந்து கொண்டுவந்தவர் அவர். உணவு கெட்டுப்போனது அவர்களின் அலறலிலேயே எலிசாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் பானையைக் கவிழ்க்கவில்லை. எந்த வீட்டிலும் இருக்கக்கூடிய ஒரு பிடி மாவைக் கொண்டே இறைவன் அதைச் சரிசெய்தார்.

நம்மிடமும் இறைவன் அப்படித்தான் நடந்துகொள்கிறார். தெரியாமல் நாம் அரிந்து போட்ட கசப்புகள் எத்தனை! அவர் நம்மைக் கொட்டிவிடவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் ஒவ்வொரு முறையும் தம் இரக்கத்தை நம்மீது தூவி, மீண்டும் பந்திக்கு உரியவர்களாக்குகிறார். அதற்கு நம்மிடமும் அந்த அம்மாவின் நோட்டு வேண்டும். இரவில் படுக்கப் போகுமுன் உண்மையாகக் கணக்குப் பாருங்கள்: இன்று என் கோபம் எங்கே கூடியது? பொறுமை எங்கே குறைந்தது? நாளை எதை மாற்ற வேண்டும்?

அடுத்தவர் தவறும்போது நாம் செய்வது என்ன? பானையில் சாவு என்று அலற எல்லாராலும் முடிகிறது. அலறியவர்கள் சொன்னதும் உண்மைதான். உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மாவு கொண்டுவர ஒருவர் வேண்டுமே! தேர்வில் தோற்ற பிள்ளை, குடியை விட்டுவிட்டு மறுபடி விழுந்த கணவர், பேச்சு முறிந்துபோன உடன்பிறப்பு, இவர்களைக் கவிழ்த்துவிட நமக்கு உரிமை இல்லை.

இந்த வாரம் உங்கள் வீட்டில் யாரோ ஒருவரின் வாழ்வு பதம் தவறியிருக்கலாம். குறை சொல்லும் முன் ஒரு பிடி மாவோடு அவரிடம் போங்கள். நம்மைக் கொட்டிவிடாத இறைவன் அந்தப் பானையையும் காப்பார். ஆமென்.