நாலு கை தூக்கினால் போதுமா?

திருப்பூர் காதர்பேட்டைக்குப் பனியன் எடுக்க ஒருவர் சக்கர நாற்காலியில் வந்தால், கடைப்படிக்கு வெளியே நின்றுவிட மாட்டார். பண்டல் ஏற்றிக்கொண்டிருப்பவர், டீ குடித்துக்கொண்டிருப்பவர் என்று நாலு பேர் ஓடி வருவார்கள். "புடிங்ணா, தூக்கிரலாம்" என்று நாற்காலியோடு உள்ளே வைத்துவிடுவார்கள். கொங்குநாட்டின் இந்த மனசு உண்மையானது. இப்படிப்பட்ட ஊரில் சாய்தளம் எதற்கு என்று கேட்பவர்களும் அந்த நம்பிக்கையில்தான் கேட்கிறார்கள்.

ஆனால் தூக்கப்படுபவரின் நிலை வேறு. முன்பின் தெரியாத கைகள் உடம்பில் படுகின்றன. ஒரு பிடி நழுவினால் விழுவது அவர்தான். எதிர்க்கடையிலும் விலை விசாரிக்கலாம் என்று தோன்றினாலும் அடக்கிக்கொள்வார், மறுபடியும் நாலு பேரைக் கூப்பிட வேண்டுமே! நினைத்த இடத்தில் நின்று, பிடிக்காவிட்டால் நகர்ந்து போவதுதான் ஊர் சுற்றுவதன் சுகம். அடுத்தவர் தயவில் அந்தச் சுகம் கிடைக்காது.

சட்டமும் அணுகல் வசதியைத் தயவாகப் பார்க்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-இல். அதன் விதிகள் அணுகல் வசதியை வெறும் பரிந்துரையாக வைத்திருந்தது செல்லாது என்றும், கட்டாயத் தரங்களை வகுக்க வேண்டும் என்றும் 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

'சாய்தளம் போட்டாலும் எத்தனை பேர் வரப்போகிறார்கள்?' என்ற கேள்விக்குத் திருப்பூரே பதில் வைத்திருக்கிறது. ஆர்டரில் சைஸ் ரேஷியோ போட்டு வரும்போது, எக்ஸ்எக்ஸ்எல் கொஞ்சம்தானே என்று எந்தக் கம்பெனியும் அதை விட்டுவிட்டுப் பெட்டி கட்டுவதில்லை.

சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்கான 263 மீட்டர் மரப்பாதை திறந்தபோது, அலைக்கு அருகே போகவே முடியாதிருந்தவர்கள் போனார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, மாநகராட்சி செப்பனிட்டது. பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கத் தயாராக இருப்பவர்களே இதில் இறங்க வேண்டும்.

சிரமங்களும் பொய்யல்ல. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளக் கணக்கு. அரை அடிப் படிக்கே ஆறடி வேண்டும். காதர்பேட்டைச் சந்துகளில் அதற்கு இடம் ஏது? அங்கே வேண்டும்போது மட்டும் விரித்துப் போடும் மடக்குப் பலகை போதும். தூக்க ஓடிவரும் அதே கைகள் பலகையை எடுத்துப் போடலாம். அவிநாசி போன்ற பழங்கோயில்களில் கல்லை உடைக்காமல் மரத்தில் சாய்தளம் அமைக்கலாம். உள்ளூர் மாற்றுத்திறனாளிகளை விட்டுவிட்டு வெளியூர்க்காரருக்கா செலவு என்பாரும் உண்டு. பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவரும் விருந்தாளியும் ஏறப்போவது ஒரே நடைபாதையில்தான்.

திருப்பூரை ஒட்டிய நஞ்சராயன் குளம் 2024 ஆகஸ்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பறவை பார்க்க வருவோருக்காக இனி அங்கே எது கட்டினாலும், பாதை கெட்டித் தரையாக இருக்க வேண்டும். பார்வை மாடத்தின் கைப்பிடிச்சுவர் உட்கார்ந்திருப்பவரின் கண்ணை மறைக்கக் கூடாது. வரைபடத்திலேயே சேர்த்துவிட்டால் கூடுதல் செலவு சொற்பம். அந்த வரைபடத்தை, அஸ்திவாரம் தோண்டும் முன்பே, மாவட்டத்தின் மாற்றுத்திறனாளிகளிடம் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும்.