மைதானத்துக்கு வந்த சட்டம்

கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்க அமெரிக்காவில் 1972-இல் வந்த 'ஒன்பதாம் தலைப்பு' (Title IX) சட்டத்தின் மைய வாசகம் ஆங்கிலத்தில் 37 சொற்கள்தான். விளையாட்டைப் பற்றி அதில் பேச்சே இல்லை. கல்லூரி மைதானங்களைப் பெண்களுக்குத் திறக்கவைத்ததில், அந்த வரியை விடாமல் வாதாடிய வழக்கறிஞர்களின் பங்கு பெரிது. பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவுக்கும் அப்படிப்பட்டவர்கள் வேண்டும்.

உதாரணத்துக்கு, கேரளத்தின் பூவார் கடற்கரைப் பெண்பிள்ளைகளுக்குக் காலில் வலுக் குறைவில்லை. பந்து உதைக்க ஒதுக்கிய நேரம், உடை மாற்ற ஓர் அறை, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, இருட்டியபின் வீடு திரும்பப் பேருந்து: உரிமை என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். 1937-இலேயே அன்னா சாண்டி என்ற பெண் முன்சீப் (கீழ்நிலை நீதிபதி) ஆன திருவிதாங்கூர் மண் இது. சட்டம் படிக்கும் பிள்ளைகளே, உங்கள் அரசுக் கல்லூரியின் விளையாட்டு நிதிக் கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்குங்கள்.