காலில் ஒரு பேனாக் கோடு

ஸ்கூட்டர் சறுக்கியதில் இரண்டு காயம். கணுக்காலுக்கு மேலே பட்ட சிராய்ப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. இன்னொன்று தலைக்குள். சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ரத்தக் கசிவு இல்லை, எலும்பில் விரிசல் இல்லை என்று அதற்குப் பொருள். மூளை குலுங்கியதை ஸ்கேன் காட்டாது. டியூப் லைட்டைப் பார்த்தால் கண் கூசுவதும், நாலு வரி படிப்பதற்குள் தலை கனப்பதும், மிக்ஸி ஓடினால் எழுந்து வேறு அறைக்குப் போகத் தோன்றுவதும் எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை.

*

சிராய்ப்பைச் சுற்றிச் சிவந்துவிட்டது. புறங்கையை வைத்தால் அந்த இடம் மட்டும் சுடுகிறது. தோல் இழுத்துப் பிடித்து மினுமினுக்கிறது. தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது.

டாக்டர் விரலால் அழுத்தி, சீழ் கோத்திருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. கட்டியாகச் சீழ் பிடித்திருந்தால் கீறி எடுப்பதுதான் முதல் வைத்தியமாம். இது தோலுக்கடியில் பரவுகிற செல்லுலைட்டிஸ். பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் வேலை, சில சமயம் ஸ்டெஃபைலோகாக்கஸ். செஃபாலெக்சின் என்ற ஆன்டிபயாடிக், ஐந்து நாளைக்கு. பிறகு பால்பாயிண்ட் பேனாவை எடுத்துச் சிவப்பின் விளிம்பை ஒட்டிக் காலிலேயே கோடு போட்டார். மாத்திரை ஆரம்பித்தாலும் முதல் ஓரிரு நாள் சிவப்பு கோட்டைத் தாண்டலாம், பயப்படாதீர்கள், அதற்கப்புறமும் தாண்டினால் வாருங்கள் என்றார்.

மாத்திரை வாங்கியாயிற்று. போடுவதா என்பதுதான் பாக்கி.

*

மாத்திரையைப் பற்றிய பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் மூளைக்கும் தொடர்பு இருக்கிறது என்று எப்போதோ படித்தது. பல ஆன்டிபயாடிக்குகளைச் சேர்த்துக் கொடுத்து எலிகளின் குடலைத் துடைத்துவிட்டு, தலையில் அடி உண்டாக்கிப் பார்த்த சோதனைகள் உண்டு. அப்படிப்பட்ட எலிகளுக்கு மூளைச் சேதம் கூடியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கே அடிபட்ட மூளையின் அழற்சியைக் குறைத்ததாக வேறு சில எலிச் சோதனைகள் சொல்கின்றன. எதை எடுத்துக்கொண்டாலும் எலிதான். என் கால் சிவந்திருப்பதற்கு அவற்றில் பதில் இல்லை.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். "காலு சிவந்து வீங்கி நிக்குது, நீ எலிக் கதை சொல்லிட்டிருக்கியேடா" என்றாள்.

*

மருந்து போதாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மனிதக் கதையே உண்டு. 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்குப் பென்சிலின் ஊசி போட்டார்கள். முகத்துக் காயம் சீழ் பிடித்து ஒரு கண்ணையே எடுக்க வேண்டி வந்த மனிதர். நாலைந்து நாளில் தேறினார். மருந்து தீர்ந்துகொண்டே வந்தது. அவருடைய சிறுநீரிலிருந்தே பென்சிலினைப் பிரித்தெடுத்து மறுபடி போட்டும் போதவில்லை. மார்ச்சில் இறந்துபோனார். ரோஜா முள் கீறியதில் வந்த வினை என்று பல புத்தகங்களில் இருக்கிறது. விமானக் குண்டுவீச்சில் பட்ட காயம் என்பதுதான் சரியாக இருக்கும் போலிருக்கிறது. முள் கதைக்கு அழகு கூடுதல், அதனால் நிலைத்துவிட்டது.

அவருக்குப் போதாமல் போன மருந்தின் உறவுக்கார மருந்து என் மேஜையில் அட்டை அட்டையாகக் கிடக்கிறது.

*

ஆனால் தயக்கம் முழுக்க அசட்டுத்தனம் என்று சொல்ல மாட்டேன். எந்த மருந்து என்பது தலைக்கு முக்கியம். லீவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளைப் பற்றி 2018இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கையைக் கடுமையாக்கியது: கவனம் சிதறுதல், ஞாபகக் குறைவு, குழப்பம், படபடப்பு. அடிபட்ட தலைக்கு ஏற்கெனவே இருக்கிற தொல்லைகளின் பட்டியலேதான். டாக்ஸிசைக்ளின் அபூர்வமாக மண்டைக்குள் அழுத்தத்தைக் கூட்டித் தலைவலி தரும். காலைக் காட்டப் போகிறவர் தலையில் அடிபட்டதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னேன். அதனால்தான் செஃபாலெக்சின்.

காயம் தலைத்தோலிலேயே இருந்தால், அல்லது அடிபட்ட பின் மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல ஒழுகினால், உட்கார்ந்து யோசிக்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான்.

*

உண்மையான சங்கடம் வேறு. மாத்திரை போட்ட பிறகு குமட்டினால் அது மாத்திரையா, தலையா? நாளைக்குத் தலைவலி கூடினால் யாரைக் கேட்பது? தலைவலிக்குப் போடும் பாராசிட்டமால் காய்ச்சலையும் அமுக்கிவிடும். கால் புண் முற்றுகிறதா என்பதற்கு இருந்த ஓர் அடையாளம் போய்விடும். இதையெல்லாம் எடைபோட வேண்டிய மூளையே அடிபட்ட மூளை. வழக்காடுகிறவரே நீதிபதி நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிற மாதிரி. எதற்கெடுத்தாலும் பதறுவதுகூட இந்த அடியின் குணங்களில் ஒன்று என்கிறார்கள்.

காலுக்குக் கோடு இருக்கிறது. தலைக்கு இல்லை. அதற்கும் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று தோன்றியது.

*

மாத்திரைக்கு முன்னால் ஒரு தாளில் எழுதினேன். தலைவலி பத்துக்கு நாலு. குமட்டல் காலையில் மட்டும். எழுந்து நின்றால் லேசாகச் சுற்றுகிறது. நேற்றுச் சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறது. வெளிச்சம் தாங்கவில்லை. உடம்புச் சூட்டைப் பாராசிட்டமால் போடுவதற்கு முன்பு தெர்மாமீட்டரில் பார்த்துக் குறித்தேன். இனி எது புதிதாக வந்தாலும் இந்தத் தாளோடு ஒப்பிடலாம். தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, எழுப்பினால் எழாமல் தூங்கினாலோ, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ ஒப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்று அடியில் பெரிய எழுத்தில் எழுதி, தாளை அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

இட்லி சாப்பிட்டு முதல் மாத்திரையைப் போட்டாயிற்று. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்றால் நடுராத்திரியில் எழுப்ப வேண்டுமா என்று அக்கா டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டாள். வேண்டாம், தலைக்குத் தூக்கம்தான் மருந்து, விழித்திருக்கிற நேரத்தையே நாலாகப் பிரித்துக்கொடுங்கள் என்றாராம். வேளை கணக்கு என் பொறுப்பில் இல்லை. மறந்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.